பதினாலு அங்குலத்தில் ஆயிரத்து இருபத்து நாலு

பக்கிரிசாமிக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. ரயில்வே சிக்னல் பிரிவில் இருபத்தாறு வருஷம் வயர்மேன். எங்கே எந்த விளக்கு அணைந்தாலும் “கூப்பிடு பக்கிரியை” என்று சொல்லும் அளவுக்குப் பேர் எடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் 1998-ஆம் வருஷம், தன் நாற்பத்தொன்பதாவது வயதில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் ஹாலில் உட்கார்ந்து ஒரு பதினாலு அங்குல கம்ப்யூட்டர் திரையிடம் தோற்றுக்கொண்டிருந்தார். தோற்றால்கூடப் பரவாயில்லை. ஜெயித்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதுதான் வினை.

விஷயம் ஆரம்பத்தில் ரொம்பச் சின்னது. அவருடைய மனைவி நல்லம்மாளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கச்சி, சீதாலெட்சுமி. எழுபத்து நாலில் நர்ஸ் படிப்புக்கென்று இங்கிலாந்துக்குப் போனவள், லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். இருபத்து நாலு வருஷத்தில் மூன்றே தடவைதான் வந்து போயிருக்கிறாள். மற்றபடி அக்கா தங்கச்சி உறவெல்லாம் நீலக் கடுதாசியில்தான். ஒரு கடுதாசி வந்தால் நல்லம்மாள் அதை ஒரு வாரம் படிப்பாள். போன வருஷக் கடைசியில் தங்கச்சி எழுதியிருந்தாள்: “இனிமே யாருக்கா தபால்ல எழுதுறாங்க? ஈமெயில் ஒன்னு எடு. நீ காலையில எழுது, சாயங்காலம் பதில் போடுறேன்.”

நல்லம்மாள் புருஷனிடம் எதையும் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள். “என்னங்க, அந்த ஈமெயில் நம்ம வீட்டுக்கு வருமா?”

“வருமாவா? உன் தங்கச்சியையே கொண்டாந்து இந்த மேசையில உக்கார வைக்கிறேன் பாரு,” என்றார் பக்கிரிசாமி. சொன்ன நேரம் எந்த நேரமோ.

கம்ப்யூட்டர் வந்தது. மோடம் வந்தது. கடைக்காரன் போட்டுக் கொடுத்தபடியே விட்டிருந்தால் அன்று சாயங்காலமே ஈமெயிலும் வந்திருக்கும். ஆனால் ஸ்டோர் பிரிவில் கிளார்க்காக இருந்த அந்தோனிப்பிள்ளை ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தோளில் கை போட்டார். “என்னா பக்கிரி, நீயும் எல்லாரும் மாதிரி விண்டோஸா? அதுல என்னா இருக்கு? அவன் செஞ்சு வெச்சதை நீ அமுக்குற, அவ்வளவுதானே லா. லினக்ஸ் போட்டுப் பாரு. உள்ள இருக்குற ஒவ்வொரு திருகாணியும் உன் கையில.” சொல்லிவிட்டு ஒரு சிடியையும் கையில் திணித்தார். திருகாணி என்ற வார்த்தையைக் கேட்டபிறகு பக்கிரிசாமியை யார் பிடித்து வைக்க முடியும்?

லினக்ஸ் ஏறியது. அதற்கே மூன்று வாரம். ஏறியபிறகு பார்த்தால் திரை முழுக்க எழுத்து கட்டை கட்டையாக நின்றது. 640-க்கு 480 என்று அந்தோனிப்பிள்ளை விளக்கினார். குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 480 புள்ளி. “இது பிச்சைக்காரன் சைஸ். என் வீட்டுல 1024-க்கு 768. ஒரே நேரத்துல நாலு ஜன்னல் திறந்து வெப்பேன்.” அந்தோனிப்பிள்ளையின் வீட்டில் இருந்தது பதினேழு அங்குலத் திரை. அதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ரோஷம் வந்துவிட்டால் கேள்வி கேட்கிற புத்தி முதலில் போய்விடுகிறது.

பக்கிரிசாமியின் பதினாலு அங்குலத் திரை 800-க்கு மேல் போகாது என்று அதன் கையேட்டிலேயே போட்டிருந்தது. கையேடு என்பது மற்றவர்களுக்கு என்பது அவருடைய கொள்கை. லினக்ஸில் ஒரு கோப்பு உண்டு. அதில் திரைக்கென்று ஒரு வரி. அந்த வரியில் ஒன்பது எண்கள். புள்ளி எந்த வேகத்தில் ஓட வேண்டும், ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எத்தனை கோடு, அடுத்த படத்துக்கு முன்னால் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அந்த ஒன்பதும்தான் சொல்லும். நவக்கிரகம் மாதிரி, ஒன்று முறைத்துக்கொண்டாலும் குடும்பம் ஆடிப்போகும். தப்பான எண்ணைக் கொடுத்தால் திரையே கருகிவிடலாம் என்று விளக்கக் குறிப்பில் கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. எனவே வெள்ளைக்காரனுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

முதல் திரை பத்தாவது நாள் போனது. முதலில் காது கூசுகிற மாதிரி விசில் அடித்தது. படம் அடுக்கடுக்காக மேலே ஓடியது. அவர் “நில்லு, நில்லு, வந்துருச்சி” என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று ஒரு சத்தம், ஒரு நாற்றம். நல்லம்மாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னாச்சிங்க?”

“ஒன்னுமில்ல. இது பழைய மாடல்.”

“வாங்கி ரெண்டு மாசந்தானே ஆச்சி?”

“அதான் சொல்றேன், கம்ப்யூட்டர்ல ரெண்டு மாசம்னா பழசு.”

மறுநாள் இம்பி வட்டாரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போய், யாரோ கழித்துப் போட்ட இன்னொரு பதினாலு அங்குலத் திரையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். திரும்ப ஆரம்பித்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, சிக்னல் பிரிவு வழக்கப்படி ஒவ்வொரு முயற்சிக்கும் நம்பர் கொடுத்து எழுதி வைத்தார். முயற்சி 14: படம் இடது பக்கம் வழிந்தது. முயற்சி 22: படம் இரண்டாகப் பிளந்தது. முயற்சி 31: ஒன்றுமில்லை, ஆனால் நல்ல ஒன்றுமில்லை. எதை நல்லது என்று எழுதினார் என்பது அவருக்கே பிற்பாடு விளங்கவில்லை.

ஒவ்வொரு முயற்சிக்கும் நல்லம்மாள் சாட்சி. திரைக்கு முன்னால் அவளை உட்கார வைத்துவிட்டு, இவர் பின்பக்கம் குனிந்து திருகுவார்.

“இப்ப தெரியுதா?”

“ம். தெரியுது.”

“தெளிவாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க. போதும், சாப்பிட வாங்க.”

நாற்பத்து மூன்றாவது முயற்சியில் 1024 வந்தது! கோடுகளை ஒன்று விட்டு ஒன்றாக வரைந்து திரையை ஏமாற்றுகிற ஒரு வித்தையில்தான் வந்தது. அதனால் படம் கொஞ்சம் நடுங்கியது. எழுத்து கசகசா அளவுக்கு இருந்தது. அதனாலென்ன? மூலையில் 1024 என்று இருந்தது அல்லவா? பக்கிரிசாமி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்து, நெஞ்சு விம்ம எழுந்து நின்றார். தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே நல்லம்மாளுக்கு ஈமெயில் திறந்து கொடுத்தார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி தங்கச்சிக்கு முதல் கடுதாசி போயிற்று. நல்லம்மாளே தட்டுத் தடுமாறித் தட்டினாள். பக்கத்தில் நின்று இவர்தான் எழுத்துப்பிழை திருத்தினார்.

அடுத்த இரண்டு மாசம் அவர் கொடிதான் பறந்தது. தெருவோர ஒட்டுக்கடையில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீ குடிக்கிற நேரமெல்லாம் அதே பேச்சு. “பதினாலு இஞ்சில ஆயிரத்து இருபத்து நாலு. கடைக்காரன் முடியாதுன்னான். கையேட்டுல முடியாதுன்னு போட்டிருந்தான். நம்ம வீட்டுல ஓடுது லா. எங்க வீட்டம்மா தினம் இங்கிலாந்துக்கு எழுதுது, பதில் வருது.” கடை முழுக்கத் தலையாட்டியது. யாருக்கும் ஒரு எழவும் புரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். புரியாதவர்கள் ஆட்டுகிற தலைதான் பார்க்க அழகு.

ஒரு சனிக்கிழமை அந்தக் கூட்டத்தில் பழனியப்பனும் இருந்தான். ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாடியில் இன்டர்நெட் கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயது, கபடம் தெரியாத மனுஷன். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, அப்புறம் ஏன்ண்ணே அக்கா தினம் நம்ம கடைக்கு வர்றாங்க? வீட்டு கம்ப்யூட்டர் ரிப்பேரோன்னு நெனச்சேன்.”

தே ஆற்றுகிற ஆள்கூடக் கையை நிறுத்திவிட்டான். பக்கிரிசாமிக்கு முகத்தில் அசடு வழிந்தது. “அது... லைன் பிரச்சனை,” என்றார். “தொலைபேசி லைன்.” டம்ளரில் பாதி தே அப்படியே இருக்க எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் தினமும் எத்தனை மணிக்குப் போகிறாள் என்று பழனியப்பனிடம் போன் போட்டு விசாரித்துக்கொண்டு, வியாழக்கிழமை வயிற்று வலி என்று சொல்லி வேலையிலிருந்து பாதியில் கிளம்பினார். இருபத்தாறு வருஷ சர்வீசில் வயிற்று வலி வந்தது அதுவே முதல் தடவை. பெண்டாட்டியை வேவு பார்க்க மாடிப்படி ஏறுகிற மனுஷனைப் பற்றி என்ன சொல்வது? சினிமாவில் என்றால் அவள் அங்கே வேறு யாருடனாவது இருப்பாள். இவருக்கு வந்த சக்களத்தன் ஒரு கம்ப்யூட்டர்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். நல்லம்மாள் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்திருந்தாள். எழுத்து கட்டை கட்டையாக நின்றது. அந்தப் பிச்சைக்காரன் சைஸ்! பழனியப்பன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மத்த மிஷின்ல எழுத்து எறும்பு மாதிரி ஊருதாம் அண்ணே. அதான் அக்காவுக்குன்னு ஒன்னை 640-ல வெச்சிருக்கேன். வேற யாரையும் அதுல உக்கார விடுறதில்ல. அதுலயும் பாருங்க, மூக்கை ஒட்டிக்கிட்டுத்தான் படிக்கிறாங்க.”

அந்த நேரம் பார்த்து நல்லம்மாள் சிரித்தாள். தங்கச்சி ஏதோ எழுதியிருப்பாள் போலிருக்கிறது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். இரண்டு மாசமாகத் தன் வீட்டுத் திரைக்கு முன்னால் அவள் ஒரு தடவைகூட இப்படிச் சிரித்ததில்லை என்பது பக்கிரிசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு வலித்தது. வயிற்று வலி என்று பொய் சொன்னதற்குத் தண்டனை கொஞ்சம் மேலே தள்ளி விழுந்தது.

“நான் வந்தேன்னு சொல்லாத பழனி,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எண்பதில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தபோது டிவி ஏரியலைத் திருப்ப அவர் கூரை மேல் ஏறுவார். “இப்ப வருதா?” என்று மேலிருந்து கத்துவார். “வந்துருச்சி, இறங்குங்க!” என்று அவள் கீழிருந்து கத்துவாள். இறங்கி வந்து பார்த்தால் திரை முழுக்கப் புள்ளி கொட்டிக்கொண்டிருக்கும். இவர் இறங்குகிற நேரத்தில் காற்று அடித்துத் திருப்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பதினெட்டு வருஷமாக அந்தக் காற்றைத் திட்டியிருக்கிறார், பாவம் அது. கூரை மேல் நிற்கிற புருஷன் விழுந்து தொலையாமல் இறங்கி வந்தால் போதும் என்று நினைத்த ஒருத்தியிடம், நூறு தடவை ‘தெரியுதா’ என்று கேட்டுக் கணக்கெழுதி வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்து மூன்று முயற்சிக்கும் சாட்சி பொய்ச்சாட்சி.

வெள்ளிக்கிழமை ராகு காலம் எமகண்டம் எதையும் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக வேலையை ஆரம்பித்தார். பழனியப்பன் 640 வைத்திருக்கிறானா? நான் அதற்கும் கீழே போகிறேன் பார். ரோஷம் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது திசைதான் மாறியிருந்தது. 400-க்கு 300. எழுத்தெல்லாம் இட்லி மாதிரி நிற்க வேண்டும்.

மேலே ஏறுவதுதான் கஷ்டம், கீழே இறங்குவது சுலபம் என்று நினைத்தார். அங்கேயும் மூக்கறுபட்டது. அவ்வளவு மெதுவாக ஓட எனக்குத் தெரியாது என்று திரை கறுத்துப்போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் அந்த ஒன்பது எண்களோடு மல்லுக்கட்டினார். கடைசியில் குறிப்பின் ஒரு மூலையில் ஒரு வழி கிடைத்தது: ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை வரையச் சொல்லிவிட்டால் போதும். திரை தன் வழக்கமான வேகத்தில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும், படம் மட்டும் பெரிசாக வரும். வரியின் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியிருந்தது. திரையைத் தொடவே வேண்டாம், எழுத்தை மட்டும் பெரிசாக்க அந்த லினக்ஸிலேயே தனியாக வழி இருந்தது என்று அந்தோனிப்பிள்ளை ஆறு மாதம் கழித்துச் சொன்னார். அவரிடம் பக்கிரிசாமி ஒரு வாரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு அது வந்தது. ஒரு எழுத்து ஒரு விரல் உயரம். பக்கம் முழுவதும் திரையில் அடங்காது. மவுசை ஓரத்துக்குக் கொண்டுபோனால் மிச்சம் நகர்ந்து வரும். ஆடவில்லை, நடுங்கவில்லை, சிலை மாதிரி நின்றது.

“நல்லு, கொஞ்சம் இங்க வா.”

அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து, வழக்கம்போலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் பின்பக்கம் போகவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எழுத்து இவ்வளவு பெரிசா வருமா?” என்றாள்.

“வரும். நான்தான் வர விடல.” மவுசை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். “இனிமே பழனியப்பன் கடைக்கு நீ படியேறிப் போக வேணாம்.”

நல்லம்மாளின் கை மவுசிலேயே நின்றுவிட்டது. “தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“கோவமா?”

“கோவந்தான். எம்மேல.”

அவள் முகம் இளகியது. மோடம் கீச்கீச்சென்று கத்தி லைனைப் பிடித்தது. அவள் ஈமெயிலைத் திறந்தாள். பக்கிரிசாமிக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் தே கலக்குகிறேன் என்று அடுக்களைக்குள் போனார். தேத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் நாலு டப்பாவைத் திறந்தார். அவளுக்கு ஆறு வருஷமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. சீனி போடக் கூடாது என்பதாவது ஞாபகம் இருந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தார்.

அங்கிருந்து மேசைக்குப் பத்தடி இருக்கும். அடுத்தவர் கடுதாசியைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் விரல் உயர எழுத்தைப் படிக்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. மவுசை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு வரியாக இழுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து அவரும் படித்தார்.

மேலே தங்கச்சி எழுதியிருந்தாள். “அக்கா, கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசமாச்சி. இனிப்பு நீர் கண்ணுக்கு வந்தா இப்படித்தான். லேசர் வெக்கலைன்னா இருக்குற பார்வையும் போயிடும். நான் வார்டுல தினம் பாக்குறேன். சும்மா தள்ளிப் போடாத. அத்தான்கிட்ட இன்னைக்கே சொல்லு.”

அதற்குக் கீழே, போன வாரம் நல்லம்மாள் தங்கச்சிக்கு எழுதியது அப்படியே இருந்தது. “அவருகிட்ட எப்படிச் சொல்றது சீதா? உன் கடுதாசிய நான் படிக்கணும்னு மாசக்கணக்கா அந்தத் திரையோட சண்டை போட்டாரு. எனக்குக் கண்ணுதான் தெரியலைன்னு சொன்னா ஒடைஞ்சி போயிடுவாரு. இல்லைன்னா ஸ்குரூடிரைவரை எடுத்துக்கிட்டு வந்து, கண்ணையும் நானே சரி பண்றேன்னு உக்காந்துடுவாரு.”

பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோ ஆகிவிட்டது. திரையைக் குறை சொன்னார், காற்றைக் குறை சொன்னார், கையேட்டைக் குறை சொன்னார். எழுத்து சின்னதாக இருந்ததுதான் குற்றம் என்று இந்த நிமிஷம்வரை நம்பியிருந்தார். பார்க்கிற கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, மடையன், மடையன்.

“நல்லு,” என்றார். “ஆஸ்பத்திரிக்கு எப்ப வரச் சொல்லியிருக்காங்க?”

அவள் மவுசை விட்டுவிட்டாள். திரும்பவில்லை. “செவ்வாக்கிழமை,” என்றாள். “போன மாசமும் செவ்வாக்கிழமைதான் சொன்னாங்க. நான் போவல.”

“இந்தச் செவ்வா போவோம். நான் லீவு போடுறேன்.” கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அங்க வந்து நான் எதையும் தொடமாட்டேன். எதையும் கேக்கமாட்டேன். சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்,” என்றார்.

நல்லம்மாள் நாற்காலியோடு திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுக்களை வாசலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், திரும்பச் சுருக்கினாள்.

“கிட்ட வாங்க,” என்றாள். “அங்க நின்னா உங்க மூஞ்சி தெரியல.”

பக்கிரிசாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.